சர்வருக்குப் பத்துப் பொருத்தம்

எங்கள் ஊரில் செத்தால் நேரே மோட்சம். காசியைவிட வீசம் கூடுதல் புண்ணியம் என்று பழமலைநாதர் கோயில் வாசலில் தேங்காய் விற்கிறவர்கூடச் சொல்லுவார். அதனாலோ என்னவோ, விருத்தாசலத்து ஆபீசுகளுக்கு உயிரோடு இருக்கிறவர்கள் பேரில் பெரிய அக்கறை கிடையாது. செத்தவனைச் சாமி பார்த்துக்கொள்ளும். சாகாதவன்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

அப்படி நின்ற ஒருத்தி பெரியநாயகி. பூதாமூர்க்காரி. செராமிக் பேட்டையில் பொம்மைகளுக்குப் பிசிறு தேய்க்கிற வேலை. அவள் புருஷன் நல்லமுத்து அதே பேட்டையில் வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கிற மிஷின் பக்கத்திலேயே வாலிபத்தைக் கழித்தவன். அரைத்த மாவில் பாதி மூட்டைக்குப் போனது, மீதி அவன் நெஞ்சுக்குப் போனது. இப்போது கொல்லைப்பக்கம் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறான். பாண்டிச்சேரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நெஞ்சு பூரா கல்லுமா. இதை எடுக்க முடியாது. வூட்டுலயே ஆக்ஸிஜன் மிஷின் வச்சு மூச்சு விட்டாருன்னா இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டலாம்" என்றார்.

அந்த மிஷின் பீங்கான் ஆபீசில் இனாமாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்ட அன்று பெரியநாயகி வாய்விட்டுச் சிரித்தாள். சும்மா சொல்லக்கூடாது, அப்போது அவளுக்கு ஆபீஸ் அனுபவம் கிடையாது.

பீங்கான் ஆபீசு என்பது ஊர் வைத்த பெயர். போர்டில் இருக்கிற பெயர் 'களிமண், பீங்கான் மற்றும் அவை சார்ந்த தூள் தொழிலாளர் நலன் பேணும் ஆணையம்.' பஸ்ஸில் போகிறவர்கள் படித்து முடிப்பதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும். அதன் தலைமை அதிகாரி அரங்கநாதன். மேடை என்று ஒன்று இல்லாவிட்டாலும் மேடையில் நிற்பதுபோலவே பேசுகிறவர். மனைவியிடம் உப்புக் கேட்பதற்கும் முன்னுரை வைப்பார் என்று சொல்வார்கள்.

இந்த வருஷம் தை மாதத்தில் அந்த ஆபீசுக்குப் புது சர்வர் வந்தது. மாவட்டத்துத் தொழிலாளர் பேர், வயசு, போட்டோ எல்லாம் அதற்குள்ளேதான். கூடவே டேட்டாபேசும் பழைய வெர்ஷனிலிருந்து புது வெர்ஷனுக்கு மாறியது. மாற்றுவதற்கென்று சென்னையிலிருந்து இளவழகன் என்ற பையன் ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தான். "பழைய புரோகிராமுக்கும் புது டேட்டாபேசுக்கும் பொருத்தம் பார்க்கணும் சார்" என்று அவன் முதல் நாளே சொன்னான். அரங்கநாதன் அதை அவருக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டார். ஜோசியரை வரவழைத்தார்.

நான் கதை விடுவதாக நினைக்கவேண்டாம். பழைய வெர்ஷன் வெளியான தேதியையும் புது வெர்ஷன் வெளியான தேதியையும் வைத்து ஜோசியர் ஆபீஸ் மேஜையிலேயே கட்டம் போட்டார். தினப் பொருத்தம் உண்டு, கணப் பொருத்தம் உண்டு, யோனிப் பொருத்தம் மத்திமம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். "ரஜ்ஜு தட்டுதுங்க" என்றார். ரஜ்ஜு தட்டினால் மாங்கல்யத்துக்கு ஆகாது. சர்வர் தாலி கட்டிக்கொள்வதில்லை என்பதால் அரங்கநாதன் அதைப் பொருட்படுத்தவில்லை. நல்ல முகூர்த்தத்தில் பழைய பெட்டிக்கும் புதுப் பெட்டிக்கும் மாலை மாற்றினார்கள். கற்பூரப் புகை சர்வருக்கு ஆகாது என்று இளவழகன் தடுத்ததால் பேட்டரி விளக்கை வைத்து ஆரத்தி காட்டினார்கள்.

பெரியநாயகி முதன்முதலில் போனது அதற்கு அடுத்த மாதம். வாசலிலேயே ஒரு தொட்டியில் தண்ணீர் இருந்தது. மேலே ஒரு போர்டு: 'பீங்கான் தூசியுடன் உள்ளே வரக்கூடாது.' பீங்கான் தொழிலாளிக்கென்றே நடக்கிற ஆபீஸ் என்பதை இங்கே ஒருதரம் ஞாபகப்படுத்திவிடுகிறேன். அவள் காலைக் கழுவி, முந்தானையை உதறி, தலைக்கு அவர்கள் கொடுத்த பிளாஸ்டிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கவுண்டரில் இருந்த பூர்ணிமா நல்ல பெண். அவளே எழுந்து வந்து குல்லாயைச் சரிசெய்துவிட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதக்கா. அதோ கண்ணாடி ரூம்ல இருக்குது பாரு, சர்வரு. அதுக்குத் தூசி ஆவாது. மூச்சு முட்டிடும்."

"எங்கவூட்டுக்காரருக்கும் அதாம்மா" என்றாள் பெரியநாயகி.

கண்ணாடி அறைக்குள் இரண்டு ஏசி ஓடின. வெளியே சுவரோரமாகப் பெரிய பெரிய அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மூக்கில் குழாய் வைத்துக்கொண்டு சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் படம். ஒரு பெட்டியின் மேல் பூர்ணிமாவின் சாப்பாட்டுப் பை, இன்னொன்றின் மேல் டீ டம்ளர்கள். பெரியநாயகி பார்த்த உடனே கண்டுகொண்டாள். அவள் கேட்டு வந்த மிஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பூர்ணிமா நல்லமுத்துவின் எண்ணைத் தட்டினாள். திரையில் போட்டோ வந்தது. மீசையும் தொப்பையுமாக முப்பது வயசு நல்லமுத்து. பெரியநாயகி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். அந்த ஆளைப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது! பூர்ணிமா 'நோய்' என்ற இடத்தில் தூசி நோய் என்று போட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். சிவப்பாக ஒரு வரி வந்தது. இன்னொருதரம் அழுத்தினாள். இன்னொருதரம் சிவப்பு. சுழல்நாற்காலியை உருட்டிக்கொண்டே இளவழகன் வந்து சேர்ந்தான். கையில் சிப்ஸ் பாக்கெட்.

"வராதுக்கா" என்றான். "பழைய டேட்டாபேசு ரெண்டாயிரத்து எட்டாம் வருஷத்து வெர்ஷன். அது இனிமே ஓடாது, மாத்துங்கன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. மாத்துனோம். மாத்துனதும் ஆபீசுல ஓடுற பழைய புரோகிராம் படுத்துடுச்சு. அதை எழுதுனவரு சேத்தியாத்தோப்புக்காரரு. இப்ப வெளிநாட்டுல எங்கியோ இருக்காரு, போன எடுக்க மாட்டேங்குறாரு. அதனால புது டேட்டாபேசை, நீ புதுசு இல்ல, ரெண்டாயிரத்து எட்டு மாதிரியே நடந்துக்கன்னு செட் பண்ணி வச்சிருக்கோம்."

"நடிக்குதுங்களா?"

"அப்படித்தான் வச்சிக்கங்களேன்."

"நடிக்கறதுக்குப் பழசே இருந்திருக்கலாமே தம்பி?"

இளவழகன் ஒரு சிப்ஸை வாயில் போட்டுக்கொண்டான். அவன் படித்த படிப்பில் இந்தக் கேள்வி வந்ததில்லை. பிறகு பொறுமையாகவே விளக்கினான். ரெண்டாயிரத்து எட்டில் இந்த ஆணையத்துக்குத் தெரிந்த ஆபத்துகள் கை நசுங்குவது, தீக்காயம், ஏரியில் மண் எடுக்கும்போது பாம்புக்கடி, அப்புறம் மரணம். தூசி நோய் என்பது அரசாங்கம் இந்த வருஷம்தான் சேர்த்தது. அது அதற்கென்றே வந்த புதுப் புரோகிராமின் பட்டியலில் இருக்கிறது. பழைய ஆட்கள் பழைய பட்டியலில் இருக்கிறார்கள். பழைய ஆளுக்குப் புது நோய் வந்தால் பழைய புரோகிராம் ஒத்துக்கொள்ளாது.

"அப்ப புதுசா சேந்தவங்களுக்குக் குடுப்பீங்களா?"

"அவங்களுக்குக் குடுக்கலாம். ஆனா பத்து வருஷமாவது தூசியில வேலை செஞ்சிருந்தாத்தான் இந்த நோய் வரும்னு விதி சொல்லுது. புதுசா சேந்தவங்களுக்கு ஏது பத்து வருஷம்?"

"அப்ப யாருக்குத்தான் தம்பி குடுப்பீங்க?"

"அதைத்தாங்க்கா பாத்துக்கிட்டிருக்கோம்."

அந்த நேரத்தில் அரங்கநாதன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். கேள்வி காதில் விழுந்துவிட்டது. நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. பேச்சு வரும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

"ஏம்மா, இந்த ஊரு பேரு என்னா?"

"விருத்தாசலங்க."

"தமிழ்ல?"

"...பழமலைங்களா?"

"பழமலை! பேருலயே பழசை வச்சிருக்கிற ஊரு. இங்க வந்து பழசை விட்டுடுன்னு எவனாவது சொல்ல முடியுமா? அதே சமயத்துல நாம புதுசையும் விடக்கூடாது. புதுசை வாங்கணும். வாங்கி, பழசு மாதிரியே வச்சிருக்கணும். முன்னேறணும், ஆனா நவுரக்கூடாது. இதுக்கு நான் ஒரு பேரு வச்சிருக்கேன். பின்பொருத்தம். மேலிடத்துல எல்லாரும் பாராட்டுனாங்க."

"நல்லா இருக்குதுங்க சார்" என்றாள் பெரியநாயகி. "மிஷினு எப்பங்க கெடைக்கும்?"

அரங்கநாதன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். கொள்கை பேசுகிற இடத்தில் மிஷின் பேசுகிறாளே என்ற பரிதாபம்.

அவள் கிளம்பும்போது இளவழகன் மனசு கேட்காமல் ஒரு யோசனை சொன்னான். பாம்புக்கடி என்று போட்டால் உடனே ஓடும், ஆனால் மிஷின் வராது, விஷமுறிவு ஊசிக்குத்தான் உத்தரவு வரும் என்றான். அவள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நல்லமுத்து சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாம்பு கடிச்சிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும் நாயகி. இதுதான் மென்னு மென்னு துப்புது" என்றான்.

பின்பொருத்தச் சரிபார்ப்பு என்று ஒன்று வந்தது அதற்குப் பிறகு. பதிவில் இருக்கிற ஆளும் நேரில் இருக்கிற ஆளும் பொருந்துகிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். ஆளை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். தூசியில் வேலை செய்ததற்கு ஏதாவது அத்தாட்சியும் வேண்டும் என்றார்கள். நல்லமுத்து வேலை பார்த்த கம்பெனியை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நடக்கிறது. பெரியநாயகி பரண்மேல் தேடி, அவன் அரைவை மிஷினில் போட்டுக்கொண்ட காக்கிச் சட்டையை எடுத்தாள். துவைத்துத் துவைத்தும் போகாத வெள்ளை மாவு. தையலிலும் பையிலும் காலர் மடிப்பிலும் அப்படியே அடைந்து கிடந்தது.

ஆட்டோவில் அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனாள். தொட்டியில் அவன் காலை அவளே கழுவிவிட்டாள். குனிந்தால் அவனுக்கு மூச்சு வராது. உள்ளே போனதும் அவனுக்கு இருமல் வந்தது. "கண்ணாடிப் பக்கம் இருமாதீங்க, அந்தப் பக்கம் திரும்பி இருமுங்க" என்று யாரோ கத்தினார்கள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மிஷின் பெட்டி ஒன்றின் மேல் கையை ஊன்றி இருமினான். தான் பார்த்ததிலேயே மோசமான காட்சி என்று பூர்ணிமா பிற்பாடு என்னிடம் சொல்லி அழுதாள். அழுதது உண்மை. அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

அரங்கநாதன் திரையில் இருந்த போட்டோவையும் நல்லமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் ஒரு வரியும் இருந்தது. உடல்நிலை: நன்று.

"பதிவுல இருக்கறவரு நல்லா இருக்காரு" என்றார். "நீங்கதான் சரியில்ல."

"நாந்தாங்க அது" என்றான் நல்லமுத்து.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. நான் மனுஷன். ஆனா புரோகிராமு மனுஷன் இல்லியே? பதிவுக்கு நீங்க பொருந்தணும். உங்களுக்குப் பதிவு பொருந்தாது. அப்புறம் பின்பொருத்தத்துக்கு என்னா மரியாதை?"

நல்லமுத்துவுக்குப் பதில் இருந்தது. மூச்சு இல்லை. பெரியநாயகி சட்டையை எடுத்தாள். மடிப்பு விரிந்ததும் ஒரு சிட்டிகை வெள்ளை உதிர்ந்தது. ஆபீசே எழுந்து நின்றது. "உள்ள கொண்டாராத! மூடு, மூடு!" என்று அரங்கநாதன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். பூர்ணிமா ஓடிவந்து சட்டையைப் பிளாஸ்டிக் பையில் திணித்து இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"அந்தத் தூசிதாங்க சார் சாட்சி" என்றாள் பெரியநாயகி.

"சாட்சியா இருக்கட்டும்மா, நான் வேணாங்கல. தூசி இல்லாத சாட்சியா கொண்டா."

இதெல்லாம் நடக்கும்போது இளவழகன் சும்மா இருக்கவில்லை. பழையதும் புதியதும் சேர்ந்து ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு ஆளைத் தானே உண்டாக்கினான். பெயர்: சோதனை. தகப்பனார் பெயர்: சோதனை. ஊர் கேட்ட இடத்தில், நல்ல ஊராக இருக்கட்டும் என்று நல்லூர் என்று தட்டினான். ரெண்டாயிரத்து எட்டிலேயே சேர்ந்ததாகவும், இந்த வருஷம் தூசி நோய் வந்ததாகவும் போட்டான். ஆச்சரியம், எல்லாம் ஓடியது. சோதனைக்குப் பழைய போட்டோ இல்லை, அதனால் முகம் மாறவில்லை. உடம்பு இல்லை, அதனால் உடல்நிலை இடிக்கவில்லை. இரண்டு புரோகிராமும் ஒற்றுமையாகத் தலையாட்டி, திரு. சோதனை அவர்களுக்கு ஆக்ஸிஜன் மிஷின் வழங்க உத்தரவு என்று அச்சடித்துத் தந்தன.

விஷயம் தெரிந்து பெரியநாயகி ஓடினாள். "தம்பி, அந்தச் சோதனைங்கற பேர எடுத்துட்டு எங்கவூட்டுக்காரரு பேரப் போட்டுட முடியாதுங்களா?"

"போட்டா ரெட்டைப் பதிவு ஆயிடும்க்கா. ஏற்கெனவே ஒரு நல்லமுத்து நல்லா இருக்காரே."

மேலிடத்திலிருந்து இயக்குநர் வருகிறார் என்று தகவல் வந்தது. மாநிலத்திலேயே முதன்முதலாகப் பின்பொருத்தம் கண்ட ஆபீஸ் என்று அரங்கநாதன் எழுதிப்போட்டதன் பலன். விழா என்றால் பயனாளி வேண்டும். உத்தரவு பெற்ற பயனாளி ஒரே ஒருவர்தான், அவரும் பிறக்கவில்லை. அரங்கநாதன் பெரியநாயகிக்கு ஆள் அனுப்பினார். முதல்முறையாக அவளை உட்காரச் சொன்னார்.

"சோதனை சார்பா நீ மேடைக்கு வந்து மிஷினை வாங்கிக்கம்மா. அவரு சம்சாரம்னு சொல்லிடறோம்."

அடுத்தவன் பெண்டாட்டி என்று மைக்கில் சொல்வார்கள். பெரியநாயகி ஒரு கணம்தான் யோசித்தாள். மூச்சுக்கு முன்னால் அதெல்லாம் என்ன? சரி என்றாள். வீட்டுக்கு வந்து, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு பிளக் பாயிண்ட் வைக்கச் சொன்னாள். நல்லமுத்து தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஸ்விட்சு என் கைக்கு எட்டறாப்ல வைங்க" என்றான். பொங்கலுக்குப் பிறகு அவன் ஒன்றை ஆசையாகக் கேட்டது அதுதான்.

விழா பிரமாதமாக நடந்தது. ஆபீஸ் முன்னால் பந்தல். இயக்குநருக்குப் பீங்கான் பிள்ளையார் பரிசு. அரங்கநாதன் பேசினார்.

"சிலர் கேட்கலாம், பயனாளிகள் எங்கே என்று. நான் கேட்கிறேன், பயனாளிகள் முக்கியமா, பொருத்தம் முக்கியமா? பயனாளி இன்றைக்கு இருப்பார், நாளைக்குப் போவார். பொருத்தம் நிலைத்து நிற்கும். குறையே இல்லாத ஒரு பயனாளியை இந்த ஆணையம் கண்டெடுத்திருக்கிறது. அவர் இதுவரை ஒரு புகார் செய்ததில்லை. ஒரு முறைகூட அலுவலகத்தில் வந்து இருமியதில்லை. திரு. சோதனை அவர்களின் துணைவியாரை மேடைக்கு அழைக்கிறேன்."

கைதட்டல். பெரியநாயகி மேலே போனாள். பொன்னாடை போர்த்தினார்கள். பெட்டியை அவள் கையில் வைத்தார்கள். கனமாகத்தான் இருந்தது, அவளுக்குக் கனமாகத் தெரியவில்லை. போட்டோ எடுத்தார்கள். அவள் படியிறங்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே ஆட்டோவை நோக்கி நடந்தாள். பூர்ணிமா பின்னாலேயே ஓடிவந்து பெட்டியைப் பிடித்தாள்.

"யக்கா... இது சோதனையோடதுக்கா."

பெரியநாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இயக்குநரை வழியனுப்பிவிட்டு அரங்கநாதன் வந்தார்.

"ஒரு பயனாளியோட பொருள இன்னொருத்தர் எடுத்துக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு முறைகேடும்மா. தணிக்கையில நான் என்னா பதில் சொல்றது?"

"அப்படி ஒரு ஆளே இல்லியே சார்!"

"இல்லேன்னு எப்படிச் சொல்ற? பதிவு இருக்குதே. உத்தரவு இருக்குதே. உன் புருஷனுக்குத்தான் ரெண்டும் இல்ல."

பெட்டி உள்ளே போனது. பழைய இடத்திலேயே வைத்தார்கள். சிறிது நேரத்தில் அதன் மேல் டீ டம்ளர்களும் வந்துவிட்டன. பொன்னாடையை மட்டும் அவளே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆட்டோ காலியாகத் திரும்பிப் போக, அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். நல்லமுத்து ஸ்விட்சைப் போட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துடுச்சா?"

"நாளைக்காம்" என்றாள்.

எனக்கு இந்த இடத்தில் வருகிற ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது. அவன் அதற்குப் பிறகும் நாளைக்கு நாளைக்கு என்று காத்திருந்தான். மூச்சு ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துச் சம்பாதித்தான். ஆடி கழிந்து ஒரு மத்தியானம், வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டு, மிஷின்தான் வந்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்தான். அது பக்கத்து வீட்டுக்கு வந்த ஆட்டோ. உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். ரஜ்ஜு தட்டுகிறது என்று ஜோசியர் சொன்னாரே, யாருடைய மாங்கல்யம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்தது. அவன் துணிகளை மணிமுத்தாற்றில் விட்டார்கள். பிளாஸ்டிக் பையில் இரண்டு முடிச்சுப் போட்ட சட்டையை மட்டும் பெரியநாயகி விடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அது சாட்சி என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு பூர்ணிமாவிடமிருந்து போன் வந்தது. மாதக் கணக்கில் நல்லமுத்து மனு ஒன்றுதான் நிலுவையாக நிற்கிறதாம், சாருக்கு அது உறுத்தலாக இருக்கிறதாம், இறப்புச் சான்றைக் கொண்டுவந்தால் முடித்துவைத்துவிடலாமாம். பெரியநாயகி போனாள். ஒரு கையில் சான்று, ஒரு கையில் அந்தப் பை. தொட்டியில் காலைக் கழுவினாள். குல்லாயைப் போட்டுக்கொண்டாள். பூர்ணிமா அவளுடைய வெறும் கழுத்தைப் பார்க்க மாட்டாமல் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

எண்ணைத் தட்டினாள். மீசையும் தொப்பையுமாக நல்லமுத்து வந்தான். 'நோய்' என்ற இடத்தில் இருந்ததை அழித்துவிட்டு மரணம் என்று போட்டு அழுத்தினாள்.

பச்சை.

பூர்ணிமா நம்பாமல் இன்னொரு புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் பச்சை. இளவழகன் சுழல்நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தான். சிப்ஸ் கொட்டியது. "ஓடுது சார்! நெஜ ஆளு! நெஜப் பதிவு! ரெண்டுலயும் ஓடுது!" மொத்த ஆபீசும் கைதட்டியது. இத்தனை மாதமாகக் காத்திருந்த கைதட்டல். பாவம், அவர்களும்தான் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்!

அரங்கநாதன் ஓடிவந்து திரையைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா? மரணம் ரெண்டாயிரத்து எட்டுலயும் இருந்துச்சு, இப்பவும் இருக்குது. எந்த வெர்ஷனுக்கு மாத்துனாலும் இது மட்டும் மாறாது. இதுதான்யா உண்மையான பின்பொருத்தம்!" பெரியநாயகியின் பக்கம் திரும்பினார். "உன் புருஷன் பேரு இந்த ஆபீஸ் சரித்திரத்துல நிக்கும்மா. மொத மொதல்ல ரெண்டுலயும் ஓடுனது அவருதான். உயிரோட இருந்தப்ப கொஞ்சம் தகராறு பண்ணாரு, இப்பப் பாரு, எவ்வளவு பாந்தமா பொருந்திட்டாரு."

முதல் நிஜப் பதிவு ஓடுகிற அன்று கொடுக்கவேண்டும் என்று லட்டு வாங்கி பிரிட்ஜில் வைத்திருந்தார்கள். பெட்டி திறந்தது. எல்லோருக்கும் கொடுத்தார்கள். அரங்கநாதன் தன் கையாலேயே ஒன்றை எடுத்துப் பெரியநாயகியின் உள்ளங்கையில் வைத்தார். துக்க வீட்டுக்காரி கையில் இனிப்பு வைப்பார்களா என்று அந்த ஆபீசில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவேளை ரெண்டாயிரத்து எட்டில் தோன்றியிருக்கும்.

பேட்டரி விளக்கு வந்தது. சர்வருக்கு ஆரத்தி காட்டுவதற்காகக் கண்ணாடிக் கதவைத் திறந்தார்கள். "வாம்மா, நீயும் வந்து கும்பிட்டுக்க. உன் வூட்டுக்காரரு இப்ப இதுக்குள்ளதான் இருக்காரு" என்று அரங்கநாதன் அழைத்தார்.

அவள் வந்தாள். வருகிற வழியில் லட்டை டீ டம்ளர்களுக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டியின் மேல், சிரிக்கிற கிழவருக்குத் தலைக்குமேல் வைத்தாள். கண்ணாடி அறை குளுகுளு என்று இருந்தது. காற்று அவ்வளவு சுத்தமாக இருந்தது. இப்படி ஒரு காற்றில் நல்லமுத்து ஒருநாள் படுத்திருந்தால் போதுமே என்று நினைத்தாள். பையின் முதல் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டாவதைப் பல்லால் அவிழ்த்தாள். சட்டையை வெளியே எடுத்து, இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு, கொடியில் போடுவதற்குமுன் உதறுவாளே, அப்படி ஓங்கி உதறினாள். திருப்பிப் பிடித்து இன்னொரு தரம். சட்டைப்பையைப் புரட்டி, காலரை விரித்து, இன்னொரு தரம்.

அறை வெள்ளையாகிவிட்டது. ஏசி அந்தத் தூளை எடுத்து எல்லாப் பக்கமும் சுழற்ற, சர்வரின் விசிறிகள் மொத்தத்தையும் உள்ளே இழுத்தன. இளவழகன் கதறிக்கொண்டு பிளக்கைத் தேடினான். அரங்கநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். விடாமல் இருமினார். கண்ணில் தண்ணீர் வழிய, "என்னாம்மா பண்ணிட்ட... மிஷினு... மிஷினு செத்துடும்மா!" என்றார்.

பெரியநாயகி சட்டையை நிதானமாக மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாதுங்க சார்" என்றாள். "பழைய தூசிதான். பொருந்திப் போவும்."